வயலில் களை: திருச்சபைக்குள் உண்மை விசுவாசியும் போலி விசுவாசியும்

குருவானவர் ஒருவர் பெரும் குற்றம் செய்தார் என்ற செய்தி வெளிவரும்போது, பங்கு மக்களிடையே முதலில் எழுவது கோபமும் வேதனையும். சில நாள்கள் கழித்து, வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி எழும்: "அவர்தானே நம் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்? அது செல்லுமா? நம் திருமணத்தை மந்திரித்தவரும் அவர்தானே?" பீடத்தில் நின்றவர் போலி என்றால், அவர் கையிலிருந்து நாம் பெற்றதும் போலியா என்பதுதான் இதன் உட்பொருள். இதைத் தொடர்ந்து இன்னொரு கேள்வியும் வரும். இப்படிப்பட்டவர்கள் இருக்கும் திருச்சபையில் நாம் ஏன் இருக்க வேண்டும்? உண்மையான விசுவாசிகள் மட்டும் தனியே கூடினால் என்ன?

இவ்விரு கேள்விகளும் புதியவை அல்ல. 1700 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவும் அல்ஜீரியாவும் இருக்கும் பகுதியில், இதே கேள்விகள் திருச்சபையை இரண்டாகப் பிளந்தன. ஒரே ஊரில் இரண்டு ஆயர்கள், இரண்டு ஆலயங்கள், எதிரெதிராக இரண்டு பலிபீடங்கள். தொனாத்தியப் பிளவு என்று வரலாறு இதனை அழைக்கிறது. அதன் எச்சங்கள் மறைய ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. இவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்; ஏனெனில் மேற்சொன்ன கேள்விகளுக்குத் திருச்சபை இன்று தரும் விடை அந்தச் சண்டையின் நடுவில்தான் தெளிவு பெற்றது.

களைகள் உவமை

இச்சண்டையில் இரு தரப்பினரும் திரும்பத் திரும்பக் கையில் எடுத்த நற்செய்திப் பகுதி, மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் வரும் களைகள் உவமை. நல்ல விதை விதைத்த வயலில் பகைவன் இரவோடு இரவாகக் களையை விதைத்துப் போகிறான். பணியாளர் அதைப் பிடுங்க அனுமதி கேட்கிறார்கள். அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் வீட்டுத் தலைவர்.

நம் வயல்களில் களை என்றால் கோரையையும் குதிரைவாலியையும் நினைப்போம். பாலஸ்தீன நாட்டில் கோதுமையோடு வளரும் இந்தக் களை வேறு வகையான புல். கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே நிற்கும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் கூடவே வரும். அதன் மணிக்குள் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அதனால் அந்த மணி மாவில் கலந்தால் உண்பவருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகும். பிறர் பயிரில் இக்களையை விதைத்துக் கெடுப்பவனைப் பற்றி ரோமைச் சட்டத் தொகுப்பே பேசுகிறது என்றால், இயேசு சொன்னது மக்கள் நேரில் அறிந்த ஒரு குற்றம் என்பது விளங்கும். பணியாளரின் ஆத்திரம் நியாயமானது. களை உண்மையிலேயே நஞ்சுதான்.

முதல் சோதனை: கி.பி. 250

பேரரசர் தேசியுஸ், தம் குடிமக்கள் அனைவரும் ரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. எகிப்தின் மணலிலிருந்து அத்தகைய சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்துள்ளன. கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாகப் போய்ப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல், கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். வேறு சிலர் சிறைக்கும் சாவுக்கும் போனார்கள். கலாபனை ஓய்ந்ததும், மறுதலித்தவர்கள் ஆலய வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்களை என்ன செய்வது? ஒருபோதும் சேர்க்கலாகாது என்றார் உரோமையில் நொவாசியான். அவர் 251-இல் திருத்தந்தை கொர்னேலியுசுக்கு எதிராகத் தனி ஆயராகவே நின்றார். சிறையில் துன்புற்ற சிலரோ, கேட்டவர்க்கெல்லாம் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் நடுவழி எடுத்தார்: ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பது, தவம் செய்யவைப்பது, பிறகு சேர்ப்பது. கலாபனையின்போது தாமே மறைந்து வாழ்ந்தவர் என்பதால் அவர்மீதும் ஏச்சு இருந்தது. 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் தலை வெட்டுண்டு மறைசாட்சியானபோது அந்த ஏச்சு அடங்கியது.

சீர்த்தா நகரில் ஒரு நாள்

303-ஆம் ஆண்டு பேரரசர் தியோக்கிளேசியன் மீண்டும் கலாபனையைத் தொடங்கினார். இம்முறை ஆணை வேறுவிதம்: ஆலயங்களை இடிக்க வேண்டும், திருநூல்களை எரிக்க வேண்டும். திருநூலை ஒப்படைத்தவர்களை மக்கள் லத்தீனில் 'திராதித்தோரெஸ்' என்றார்கள். ஒப்படைத்தவர் என்று பொருள். யூதாசு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததைச் சொல்லும் அதே சொல்தான்.

நுமீதியா மாநிலத்தின் சீர்த்தா நகரில் (இன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரம்) 303 மே 19-ஆம் நாள் நடந்த சோதனையின் அரசுப் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. நகர அதிகாரி மக்கள் கூடும் வீட்டுக்கு வருகிறார். ஆயர் பவுல் அமர்ந்திருக்க, குருக்களும் திருத்தொண்டர்களும் சுற்றி நிற்கிறார்கள். பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பட்டியலாகின்றன: 2 பொன் கிண்ணங்கள், 6 வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள். அதன்பின் பெண்களுக்கான 82 அங்கிகள், ஆண்களுக்கான 16 அங்கிகள், ஆண்களின் காலணி 13 சோடி, பெண்களின் காலணி 47 சோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த பொருள்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. அந்தச் சிறு திருக்கூட்டம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நூல்கள் வாசகர்களிடம் இருக்கின்றன என்கிறார் ஆயர். வாசகர்களின் பெயரைச் சொல் என்கிறார் அதிகாரி. நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, எங்களைக் கொன்றுவிடுங்கள் என்று இரண்டு துணைத் திருத்தொண்டர்கள் மறுத்துக் கைதாகிறார்கள். மற்றவர்கள் வீட்டைக் காட்டுகிறார்கள். வீடு வீடாக நூல்கள் வெளியே வருகின்றன. இலக்கண ஆசிரியர் விக்டர் கொடுக்கிறார். வேறொரு வீட்டில் கணவர் இல்லை. மனைவியே 6 நூல்களை எடுத்துவந்து தருகிறார். இதற்கிடையே சில்வானுஸ் என்ற துணைத் திருத்தொண்டர், ஒரு வெள்ளிப் பேழையையும் வெள்ளி விளக்கையும் ஒரு சாடியின் பின்னால் கண்டேன் என்று சொல்லிக் கொண்டுவந்து அதிகாரியிடம் நீட்டுகிறார். இந்தச் சில்வானுசை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூலைக் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். அபித்தினா என்னும் ஊரின் ஆயர் நூல்களைக் கொடுத்துவிட்டார். ஆனால் அவ்வூர் மக்கள், குரு சத்துர்னினுஸ் தலைமையில் ஒரு வீட்டில் ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடிப் பிடிபட்டார்கள். ஆண்டவரின் நாளைக் கொண்டாடாமல் தங்களால் இருக்க இயலாது என்று விசாரணையில் சொல்லித் துன்புற்றார்கள். 304-ஆம் ஆண்டின் அந்த 49 மறைசாட்சிகளைத் திருச்சபை பிப்ரவரி 12-ஆம் நாள் நினைவுகூர்கிறது. அங்கே ஆயர் வீழ்ந்தார், மக்கள் நின்றார்கள். இப்படிப்பட்ட ஓர் ஊர்க்காரர், கலாபனைக்குப் பிறகு, நூலைக் கொடுத்த ஓர் ஆயரிடம் நற்கருணை வாங்கக் கைநீட்டும்போது என்ன உணர்ந்திருப்பார்? தொனாத்தியரை எளிதில் பழித்துவிடும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குற்றம் சாட்டியவர்கள் யார்?

311-ஆம் ஆண்டையொட்டி கார்த்தேஜ் ஆயர் இறந்ததும், செசிலியான் புதிய ஆயரானார். அவரைத் திருநிலைப்படுத்தியவர்களுள் ஒருவர் அப்துங்கா ஊரின் ஆயர் பெலிக்ஸ். இந்தப் பெலிக்ஸ் திருநூலை ஒப்படைத்தவர் என்று நுமீதியாவிலிருந்து வந்த ஆயர்கள் குற்றம் சாட்டினார்கள். காட்டிக்கொடுத்தவனிடம் தூய ஆவி இல்லை, இல்லாததை அவன் எப்படிக் கொடுப்பான் என்பது அவர்கள் வாதம். ஆகவே செசிலியான் ஆயரே அல்லர், அவரோடு உறவுகொள்ளும் உலகத் திருச்சபை முழுவதும் கறைபட்டது. ஏறத்தாழ 70 ஆயர்கள் கூடி மயோரினுஸ் என்பவரை எதிர் ஆயராக்கினார்கள். விரைவில் அவருக்குப்பின் வந்தவர்தான் தொனாத்துஸ். ஆற்றலும் நாவன்மையும் கொண்டவர். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து தங்களிடம் வந்தவர்களுக்கு இவர்கள் மறுபடியும் திருமுழுக்குக் கொடுத்தார்கள்.

வழக்கு பல படிகள் ஏறியது. 313-இல் உரோமையில் திருத்தந்தை மில்த்தியாதெஸ் (அவரும் ஆப்பிரிக்கர் என்பது மரபு) தலைமையில் விசாரணை. செசிலியான் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. 314-இல் கால் நாட்டின் ஆர்ல் நகரில் ஆயர் மன்றம், அதே தீர்ப்பு. அரசு அலுவலகப் பதிவுகளைப் புரட்டி நடந்த தனி விசாரணையில், பெலிக்சுக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்ட கடிதத்தில் இங்கென்சியுஸ் என்பவர் கள்ளத்தனமாக வரிகள் சேர்த்தது வெளிப்பட்டது. பெலிக்ஸ் நூலை ஒப்படைத்தவரே அல்லர்.

அப்படியானால் ஒப்படைத்தவர்கள் யார்? அதற்கும் பதிவு உண்டு. கலாபனைக்குச் சில ஆண்டுகள் கழித்து, நுமீதியா ஆயர்கள் சிலர் சீர்த்தாவில் கூடினார்கள். தலைமை ஆயர் செக்குந்துஸ் ஒவ்வொருவரையும் பார்த்து, நீர் நூலைக் கொடுத்தீராமே என்று கேட்டார். ஒருவர் ஒப்புக்கொண்டார், ஒருவர் மழுப்பினார். பிறகு புர்ப்பூரியுஸ் என்பவர் திருப்பிக் கேட்டார்: உம்மைப் பிடித்த அதிகாரி உம்மை மட்டும் எப்படி விட்டான்? செக்குந்துஸ் வாயடைத்துப் போனார். கடவுளிடமே கணக்கை விடுவோம் என்று முடிவு செய்து, கடவுளுக்கு நன்றி சொல்லி எல்லாரும் அமர்ந்தார்கள். அவர்கள் அன்று கூடியது சீர்த்தாவுக்குப் புதிய ஆயரைத் திருநிலைப்படுத்துவதற்காக. அந்தப் புதிய ஆயர் வேறு யாருமல்லர், வெள்ளி விளக்கை நீட்டிய சில்வானுஸ். இவன் காட்டிக்கொடுத்தவன், எங்களுக்கு வேண்டாம் என்று நகர மக்கள் கூக்குரலிட்டும் பயனில்லை. பின்னர் கார்த்தேஜுக்குப் போய், பெலிக்சைக் காட்டிக்கொடுத்தவர் என்று தீர்ப்பளித்தவர்களுள் இந்தச் செக்குந்துசும் சில்வானுசும் புர்ப்பூரியுசும் இருந்தார்கள்.

320-இல் சில்வானுசின் திருத்தொண்டர் ஒருவர் அவரோடு சண்டையிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஆளுநர் செனோபிலுஸ் முன் போட்டு உடைத்தார். லூசில்லா என்ற செல்வச் சீமாட்டி ஆயர்களுக்குக் கொடுத்த பணம் வெளியே வந்தது. ஏழைகளுக்கென்று சொல்லப்பட்ட அப்பணத்தில் ஏழைக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். (மறைசாட்சியின் எலும்பு என்று தான் வைத்திருந்ததை நற்கருணை வாங்கும் முன் முத்தமிட்டதற்காக, செசிலியான் ஒருமுறை லூசில்லாவைக் கண்டித்திருந்தார். அந்த மனவருத்தமும் இப்பிளவில் சேர்ந்தது.) கோயில் ஒன்றிலிருந்த காடிச் சாடிகளைத் திருடிய கதைகூட அன்று வெளிவந்தது. சில்வானுஸ் நாடு கடத்தப்பட்டார்.

இப்பதிவுகளைக் காத்து நமக்குத் தந்தவர்கள் கத்தோலிக்கத் தரப்பினரே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொனாத்தியர் சிலவற்றை மறுத்தார்கள். எனினும் வரலாற்று ஆய்வாளர் பலர் இவற்றை நம்பத்தக்கவையாகவே கொள்கின்றனர். தொனாத்தியரிடையே உண்மையான மறைசாட்சியர் வழிவந்த எளிய மக்கள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். போலிகளை விலக்கும் கோட்டை அவர்களுக்காக வரைந்து கொடுத்த கைகளுள் சில, திருநூலை ஒப்படைத்த கைகள். இது அவர்களுக்குத் தெரியாது.

வாய்க்கால் கல்லானாலும்

ஆர்ல் மன்றம் வகுத்த 13-ஆம் விதி இரு பகுதி கொண்டது. நூலை ஒப்படைத்தார் என்று வெறும் வாய்ச்சொல்லால் அன்றி அரசுப் பதிவால் மெய்ப்பிக்கப்பட்டவர், குருநிலையிலிருந்து நீக்கப்பட வேண்டும். ஆனால் அவர் திருநிலைப்படுத்தியவர் தகுதியுள்ளவரானால், அந்தத் திருநிலைப்பாடு செல்லும். குற்றவாளிக்குத் தண்டனை உண்டு. அவரிடம் அருட்சாதனம் பெற்றவருக்கு இழப்பு இல்லை.

இவ்விதியின் காரணத்தை விளக்கியவர், 396-ஆம் ஆண்டளவில் ஹிப்போ ஆயரான புனித அகுஸ்தீனார். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் போதனை. தண்ணீர் கல் வாய்க்கால் வழியே தோட்டத்துக்குப் பாய்கிறது. கல்லில் ஒன்றும் முளைப்பதில்லை, ஆனால் தோட்டம் செழிக்கிறது என்று உவமை சொல்வார். படைவீரனின் உடலில் இட்ட அடையாளத்தையும் எடுத்துக்காட்டுவார்: ஓடிப்போன வீரன் திரும்பி வந்தால் மறுபடி அடையாளம் இடுவதில்லை. இப்போதனைதான் இன்றும் நம் திருச்சபையின் போதனை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1128-ஆம் எண்ணில் இதனைக் காணலாம். தொடக்கத்தில் சொன்ன தாய் தந்தையரின் கேள்விக்கு விடை இது: உங்கள் பிள்ளையின் திருமுழுக்கு செல்லும். உங்கள் திருமணமும் செல்லும். அவை அந்த மனிதருடைய சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை.

நிலம் எது?

அருட்சாதனம் பற்றிய கேள்வி தீர்ந்தாலும், போலி விசுவாசிகளோடு ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கேள்வி தீரவில்லை. தொனாத்தியரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உவமையை விளக்கும்போது, நிலம் என்பது உலகம் என்று ஆண்டவரே சொல்கிறார். ஆகவே களை உலகில் இருக்கலாம், திருச்சபையில் இருக்கலாகாது என்றார்கள். வலை உவமையில் நல்ல மீனும் கெட்ட மீனும் கலந்திருக்கின்றனவே என்றால், வலை தண்ணீருக்குள் இருக்கும்போது மீனவருக்கு மீன் தெரியாது, மறைவான பாவிகளைத்தான் அது குறிக்கிறது என்று மறுமொழி சொன்னார்கள். நாம் படித்தவரை, இது சாமர்த்தியமான விளக்கம்தான். ஆனால் கரையேறிய பின்னரே மீன் பிரிக்கப்படுகிறது என்பதை அது விட்டுவிடுகிறது. களத்தில் பதரும் மணியும் சேர்ந்தே கிடக்கின்றன, தூற்றுபவர் வரும்வரை பதருக்காகக் களத்தை விட்டு ஓடும் மணி, பறவைக்கு இரையாகும் என்பது அகுஸ்தீனாரின் விடை.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தச் சிந்தனையை அகுஸ்தீனாருக்கு முன்பே எழுதியவர் ஒரு தொனாத்தியர். திக்கோனியுஸ் என்ற அந்தப் பொதுநிலையினர், ஆண்டவரின் உடல் வலம் இடம் என்று இருபகுதி கொண்டது, நல்லவரும் தீயவரும் அதில் கலந்தே இருப்பர் என்று எழுதினார். தொனாத்தியர் அவரைத் தங்கள் உறவிலிருந்து நீக்கினார்கள். அவர் கத்தோலிக்கராகவும் மாறவில்லை. அகுஸ்தீனாருக்கு அது புரியாத புதிராக இருந்தாலும், அவருடைய விதிகளைத் தம் நூலிலேயே எடுத்து விளக்கி, படிக்கும்படி மற்றவர்க்கும் பரிந்துரைத்தார். வெளியே இருப்பதாகத் தோன்றும் பலர் உள்ளே இருக்கிறார்கள், உள்ளே இருப்பதாகத் தோன்றும் பலர் வெளியே இருக்கிறார்கள் என்று அகுஸ்தீனார் எழுதியதற்குத் திக்கோனியுசைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தோன்றவில்லை.

தம் சொந்த மக்களைப் பற்றி அகுஸ்தீனாருக்கு மயக்கம் எதுவும் இல்லை. கிறிஸ்தவராக விரும்பி வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொல்கிறார்: உள்ளே குடிகாரரையும் பேராசைக்காரரையும் ஏமாற்றுக்காரரையும் காண்பாய், தாயத்துக் கட்டுபவரையும் சோதிடரிடம் ஓடுபவரையும் காண்பாய், திருவிழா நாளில் ஆலயத்தை நிரப்பும் அதே கூட்டம், களியாட்ட நாளில் அரங்குகளையும் நிரப்பும். துறவு மடங்களில் முன்னேறியவரைவிட நல்லவரையும், அங்கே வீழ்ந்தவரைவிடக் கெட்டவரையும் தாம் கண்டதில்லை என்று ஒரு மடலில் ஒப்புக்கொள்கிறார். களைகள் உவமை பற்றிய மறையுரையில், ஆயர் இருக்கைகளிலும் கோதுமையும் களையும் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். வயலில் களை கோதுமையாவதில்லை. ஆனால் மனிதர் மாறலாம், இன்று களையாயிருப்பவர் நாளை கோதுமையாகலாம் என்பதும் அவர் போதித்ததே. பிடுங்காதிருப்பதற்கு அவர் கண்ட பெரிய காரணம் இது.

411-உம் அதன் பின்னும்

கார்த்தேஜ் நகரில் 411 ஜூன் 1, 3, 8 ஆகிய நாள்களில் இரு தரப்பு ஆயர்களும் கூடினார்கள். தரப்புக்கு ஏறத்தாழ 280 பேர். பேரரசரின் அலுவலர் மார்செல்லினுஸ் நடுவர். தீயவரோடு அமர மாட்டோம் என்று திருப்பாடலைக் காட்டித் தொனாத்திய ஆயர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அதனால் நடுவரும் நின்றார். முதல் நாள் முழுவதும் பெயர் சரிபார்ப்பிலேயே போயிற்று: ஒவ்வோர் ஆயரும் முன்வந்து நிற்க, அதே ஊரின் எதிர் ஆயர் அவரை அடையாளம் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு முன் கத்தோலிக்க ஆயர்கள் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். நாங்கள் தோற்றால் எங்கள் இருக்கைகளை விட்டுவிடுவோம். வென்றால், உங்களோடு பகிர்ந்துகொள்வோம். ஓர் ஊருக்கு இரண்டு ஆயர் இருப்பதை மக்கள் விரும்பாவிட்டால், இருவருமே விலகி, மக்கள் புதியவரைத் தேர்ந்துகொள்ளட்டும். அந்த வாக்குறுதியில் தெரிந்த மனத்தை, தீர்ப்புக்குப்பின் வந்த சட்டத்தில் காண முடியவில்லை. 412-ஆம் ஆண்டுச் சட்டம் தொனாத்தியருக்கு அபராதம் விதித்தது. அவர்களின் ஆலயங்களைப் பறித்தது. தமுகாதி நகரின் தொனாத்திய ஆயர், தம் ஆலயத்தை எடுக்க வந்தால் மக்களோடு சேர்ந்து உள்ளேயே எரிந்து சாவோம் என்று அச்சுறுத்தும் நிலை வந்தது.

தொடக்கத்தில் அகுஸ்தீனார் கட்டாயத்தை எதிர்த்தவர். வெளிப்படையான எதிர்த்தரப்பினராய் இருந்தவர்களைப் போலிக் கத்தோலிக்கர்களாக்கி விடுவோம் என்று அஞ்சியதாக 408-ஆம் ஆண்டையொட்டிய மடலில் அவரே எழுதுகிறார். பிறகு ஏன் மாறினார்? தொனாத்தியக் கும்பல்கள் குருக்களை அடித்தும் ஆலயங்களைக் கொளுத்தியும் வந்தது ஒரு காரணம். அவரே ஒருமுறை வழிகாட்டி பாதை தவறியதால்தான் தப்பினார். தம் சொந்த ஊரான தகாஸ்தே சட்டத்துக்கு அஞ்சிக் கத்தோலிக்கமாகி, பிறகு உண்மையாகவே மனம் ஒன்றியது இன்னொரு காரணம். இருந்தாலும், அவருடைய முதல் அச்சமே சரியானது என்று நாம் துணிந்து சொல்வோம். விருந்துக்கு வரக் கட்டாயப்படுத்தும் உவமையை அவர் பயன்படுத்திய விதத்தைப் பின்வந்த நூற்றாண்டுகள் மிகக் கொடிய செயல்களுக்குச் சான்றாகக் காட்டின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியிட்ட சமய உரிமை பற்றிய அறிக்கையில், விசுவாச காரியத்தில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று போதித்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மைக்குத் தொண்டாற்றுவதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

புஸ்ஸாலா மக்கள்

களையைப் பொறுத்துக்கொள்வது என்றால் குற்றவாளியை அதிகாரத்தில் விட்டுவைப்பது என்று பொருளா? இக்கேள்வி அகுஸ்தீனாரின் முதுமையில் அவர் வாசலுக்கே வந்தது.

புஸ்ஸாலா, ஹிப்போவுக்குத் தொலைவிலிருந்த மலைநாட்டு ஊர். தொனாத்தியர் நிறைந்திருந்து பிறகு கத்தோலிக்கமான பகுதி. மக்கள் பேசியது பியூனிக் மொழி. அம்மொழி தெரிந்த ஒரு குருவை அவ்வூர் ஆயராக்க அகுஸ்தீனார் ஏற்பாடு செய்திருந்தார். தலைமை ஆயர் முதிர்ந்த வயதில் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து சேர்ந்த வேளையில், அந்தக் குரு மறுத்துவிட்டார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், தம் மடத்தில் வளர்ந்த அந்தோனினுஸ் என்ற இளம் வாசகரை அகுஸ்தீனார் முன்னிறுத்தினார். ஒழுங்கான சோதனை எதுவும் நடக்கவில்லை.

அந்தோனினுஸ் மக்களின் உடைமைகளைப் பறித்தார். முறையீடுகள் குவிந்தன. ஆயர்கள் விசாரித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டு, நிர்வாக அதிகாரத்தை நீக்கினார்கள். ஆயர் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த அரைத் தண்டனையைப் பிடித்துக்கொண்டே அவர் உரோமைக்கு மேல்முறையீடு செய்தார்: ஆயர் என்றால் எனக்கு இருக்கை வேண்டும், இல்லையென்றால் பட்டத்தை எடுத்திருக்க வேண்டும். இக்கதையின் பல பகுதிகள், யோகான்னஸ் திவியாக் என்ற ஆஸ்திரிய அறிஞர் கண்டெடுத்து 1981-இல் பதிப்பித்த அகுஸ்தீனாரின் மடல்களால்தான் நமக்குத் தெரியவந்தன.

மறுபடியும் அவரையே ஆயராக்கி அரசு அலுவலரையும் படையையும் கொண்டு இருத்துவார்கள் என்ற பேச்சு ஊரில் பரவியது. அப்போது அகுஸ்தீனார், ஏறத்தாழ 70 வயதில், திருத்தந்தை செலஸ்தீனுக்கு எழுதிய மடல் இருக்கிறது. அதில் அவர் களைகள் உவமையை எடுத்துப் பொறுமை பேசவில்லை. அவசரப்பட்டது தம் தவறு என்று ஒப்புக்கொள்கிறார். புஸ்ஸாலா மக்கள்மீது இரங்கும்படி மன்றாடுகிறார். தம்மால் ஆயராக்கப்பட்டவரால் திருக்கூட்டம் பாழாவதைக் காண நேர்ந்தால், தாம் ஆயர் பணியை விட்டு விலகித் துக்கத்தில் இருந்துவிட எண்ணுவதாகச் சொல்கிறார். இந்த ஏழை மக்கள் தொனாத்தியராக இருந்தபோது, கத்தோலிக்கப் பேரரசர்களின் சட்டங்களைக் கண்டு அஞ்சினார்கள். இப்போது கத்தோலிக்கராக இருக்கையில், ஒரு கத்தோலிக்க ஆயரிடமிருந்து அதைவிடக் கொடியதற்கு அஞ்சுகிறார்கள். அது நடக்க விடாதேயும் என்று அவர் திருத்தந்தையைக் கேட்டுக்கொள்கிறார்.